பூஜ்ஜியத்துக்கு எதிரே இருந்த கட்டம்

ஆறாம் வகுப்புக்கு இருபத்திரண்டு வருடமாகக் கணக்கு எடுக்கிறேன். இத்தனை வருடத்தில் பூஜ்ஜியத்தை நான் படுத்திய பாடு கொஞ்சநஞ்சமில்லை. "எண்ண ஆரம்பிக்கிற எண் எது?" என்று கேட்பேன். யாராவது ஒருத்தி பூஜ்ஜியம் என்று சொல்லிவிடுவாள். அவ்வளவுதான், அவளை முன்னால் வரச்சொல்லி, பெஞ்சில் இருக்கிற தலைகளைப் பூஜ்ஜியத்திலிருந்து எண்ணச் சொல்வேன். கடைசித் தலைக்கு வரும்போது கணக்கில் ஒரு ஆள் குறையும். "ஒரு பிள்ளைய முழுங்கிட்டியே ஏட்டி, அவ அம்மைக்கு யாரு பதில் சொல்லுதது?" என்பேன். வகுப்பே சிரிக்கும், நானும் சிரிப்பேன்.

பாடம் ஒன்றும் பெரிய பாடமில்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்று போகிறவை இயல் எண்கள். அவற்றோடு பூஜ்ஜியத்தைச் சேர்த்தால் முழு எண்கள். பூஜ்ஜியத்துக்கு இடது பக்கம் இருக்கும் குறை எண்களையும் சேர்த்துக்கொண்டால் முழுக்கள். அந்த முழுக்களில் வலது பக்கம் நிற்பவற்றுக்கு மிகை முழுக்கள் என்று பெயர். அவை யாரென்று பார்த்தால் நாம் முதலில் எண்ணிய அதே ஒன்று, இரண்டு, மூன்றுதான், சட்டையை மாற்றிக்கொண்டு வந்து நிற்கும். பூஜ்ஜியம் மிகையும் இல்லை, குறையும் இல்லை, எண்ணுவதற்கும் உதவாது. இப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன். இதில் எனக்குச் சந்தேகமே வந்ததில்லை. சந்தேகமே வராத வாத்தியார்களைக் கண்டால் இப்போது எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது, என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

எங்கள் எதிர்வீட்டு மைனியைக் குரங்கு கடித்தது ஒரு சனிக்கிழமை. இரத்த உறவு ஒன்றும் கிடையாது. என்னைவிட மூத்தவர், அதனால் மைனி; அண்ணியை எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவோம். நாங்கள் இருப்பது இலத்தூரில். மைனி சீசன் வந்துவிட்டால் தினமும் இரண்டு பஸ் மாறிப்போய் ஐந்தருவியில் பழக்கடை போடுவார். ரம்புட்டான், மங்குஸ்தான், கொய்யா. சீசன் முடிந்தால் வயல்வேலை. மகன் பட்டாளத்தில் இருக்கிறான், வருஷத்துக்கு ஒருமுறை லீவில் வருவான். மற்ற நாளெல்லாம் அந்த வீட்டில் மைனி ஒற்றை ஆள்.

அந்தக் குரங்குகளின் மேல் எனக்குக் கோபமில்லை. அவை குரங்குகள். குரங்குக்குத் தின்ன எதுவும் கொடுக்காதீர்கள் என்று இத்தனை பெரிய போர்டு வைத்திருக்கிறது. அதற்கு நேர் கீழே நின்றுகொண்டு சிப்ஸ் பாக்கெட்டைப் பிரித்து நீட்டி, போனில் படமும் எடுத்துக்கொள்கிறார்களே, அவர்கள் மேல்தான் கோபம். அப்படிப் பழகிப்போன ஒரு கடுவன் குரங்குதான் அன்றைக்கு மைனியின் தார்ப்பாய்க்குள் கையை விட்டிருக்கிறது. இவர் பழக்கூடையை இழுக்க, அது மணிக்கட்டில் பல்லைப் பதித்துவிட்டது. படம் எடுத்தவர்கள் குளித்துவிட்டு வேன் ஏறிப் போய்விட்டார்கள்.

பக்கத்தில் பஜ்ஜிக்கடை வைத்திருக்கும் பெண் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவைத்திருக்கிறாள். அங்கே காயத்தைச் சுற்றி ஊசி போட்டு, இரண்டு கையிலும் போட்டு, ஒரு அட்டையையும் கொடுத்து அனுப்பினார்கள். சாயந்திரம் மைனி அந்த அட்டையோடு என் வீட்டுக்கு வந்தார். "இதுல நம்பரா போட்டிருக்கு டீச்சர், உங்களுக்குத்தான் தெரியும்" என்று நீட்டினார்.

அட்டையில் நாள் என்று ஒரு வரிசை, அதன் கீழே 0, 3, 7, 28 என்று அச்சடித்திருந்தது. ஒவ்வொரு எண்ணுக்கும் எதிரே தேதி எழுத ஒரு கட்டம். நாலு கட்டமும் காலி. மேலே வைத்திருந்த ஆஸ்பத்திரி முத்திரையும் மை கலைந்து ஈஷிப்போய் இருந்தது. நான் அந்தப் பூஜ்ஜியத்தைப் பார்த்துச் சிரித்தேன், அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. "சைபர்னா ஒண்ணுமில்ல மைனி, அச்சடிக்கறவன் சும்மா போட்டிருக்கான்" என்றேன். பிறகு விரலை மடக்கினேன். சனி ஒன்று, ஞாயிறு இரண்டு, திங்கள் மூன்று. மூன்றாம் நாள் திங்கள். அப்படியே ஏழு வெள்ளிக்கிழமை. இருபத்தெட்டும் நாலாவது வாரத்து வெள்ளிக்கிழமை. விடைத்தாள் திருத்துகிற சிவப்புப் பேனாவை எடுத்து மூன்று கட்டத்திலும் தேதியை எழுதினேன். பூஜ்ஜியத்தின் கட்டத்தை மட்டும் காலியாக விட்டேன். போனில் ஒரு தடவை தேடிப் பார்த்திருக்கலாம். கணக்கு டீச்சருக்கு மூன்று வரை எண்ணப் போன் எதற்கு என்கிற திமிர்.

திங்கட்கிழமை மைனி கடையை அடைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். சாரல் நன்றாகப் பிடித்திருந்த சமயம், கூட்டம் பழத்தை அள்ளிக்கொண்டு போகும். அதையும் விட்டுவிட்டுப் போய் இரண்டு மணி நேரம் வரிசையில் நின்றிருக்கிறார். சாயந்திரம் நான் பள்ளிக்கூடத்திலிருந்து வரும்போது வாசலில் உட்கார்ந்திருந்தார். முகமே சரியில்லை. அட்டையை என் கையில் கொடுத்துவிட்டு, இன்றைக்குப் போடமாட்டார்களாம், நாளைக்குத்தான் மூன்றாம் நாளாம் என்றார். நர்ஸ் அட்டையை எல்லாருக்கும் தெரிகிற மாதிரி தூக்கிக் காட்டி, நாள் எண்ணக்கூடத் தெரியாத யாரிடமோ எழுதி வாங்கிக்கொண்டு வந்து எங்கள் உயிரை ஏன் எடுக்கிறீர்கள் என்று கேட்டாராம். வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்களாம்.

"யாரு எழுதுனதுன்னு கேட்டாவ. நான் வாயத் தொறக்கல" என்றார் மைனி.

எனக்கு உச்சந்தலை வரை சுட்டது. எனக்கா நாள் எண்ணத் தெரியாது? இந்த ஜில்லாவில் யாரை வேண்டுமானாலும் கேட்கட்டும். இறந்த அன்றையும் சேர்த்துத்தானே பதினாறாம் நாள் வைக்கிறோம்? சனிக்கிழமை பேசும்போது, வருகிற சனிக்கிழமையை எட்டாம் நாள் என்றுதானே சொல்கிறோம்? இரண்டு வாரத்துக்குப் பதினைந்து நாள் என்று சொல்லாதவர் யார்? ஆரம்பிக்கிற நாளையும் சேர்த்துத்தான் எண்ணுவது, அதுதான் எண்ணுவது. இவர்கள் என்ன புதிதாக ஒரு கணக்கு கண்டுபிடித்திருக்கிறார்களா? இதையெல்லாம் நான் மைனியிடம் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னேன். மைனி கேட்டுவிட்டு, காயம்தான் காய்ந்துவிட்டதே, இனிமேல் அங்கே போகப்போவதில்லை, கடித்தது குரங்குதானே, நாயா என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். என் கோபம் என்னோடேயே நின்றது.

மறுநாள் செவ்வாய்க்கிழமை முதல் பீரியட் எண்கோடு. அதை நான் மைதானத்தில்தான் நடத்துவேன். சுண்ணாம்பால் நீளமாக ஒரு கோடு போட்டு, நடுவில் பூஜ்ஜியம், வலது பக்கம் ஒன்று முதல் பத்து, இடது பக்கம் குறை ஒன்று முதல் குறை பத்து. ஒருத்தியைப் பூஜ்ஜியத்தில் நிறுத்தி, வலது பக்கம் மூன்று அடி போகச் சொன்னேன். போய் மூன்றின் மேல் நின்றாள். அப்போது பின்னாலிருந்து ஒருத்தி கையைத் தூக்கி, அவள் நாலு நம்பரை மிதித்திருக்கிறாள் டீச்சர், பிறகு எப்படி மூன்று என்று கேட்டாள்.

இந்தக் கேள்வி வருஷா வருஷம் வரும். பதிலும் எனக்கு மனப்பாடம். "நிக்கிற இடத்த எண்ணக்கூடாது, தாண்டுன அடியத்தான் எண்ணணும். பூஜ்ஜியத்துல நிக்கும்போது நீ இன்னும் ஒரு அடிகூட எடுத்து வைக்கல" என்றேன்.

சொல்லி முடித்ததும் அப்படியே நின்றுவிட்டேன். சனிக்கிழமை நிற்கிற இடம். ஞாயிறு ஒரு அடி, திங்கள் இரண்டு, செவ்வாய் மூன்று. அட்டையில் இருந்தது தலை எண்ணுகிற மூன்று இல்லை, அடி எண்ணுகிற மூன்று. மருந்து உள்ளே போய் எத்தனை நாள் கழிந்தது என்பதுதான் அவர்களுக்கு வேண்டும். இரண்டும் ஒரே மாதிரிதான் எழுதப்படும், 3 என்று. இரண்டுக்கும் நடுவில் ஒரு முழு நாள் கிடக்கிறது. இருபத்திரண்டு வருஷமாக வகுப்பறைக்குள் தலையையும் மைதானத்தில் அடியையும் எண்ணவைத்திருக்கிறேன். இது வேறு, அது வேறு என்று ஒரு நாளாவது ஒரு பிள்ளைக்காவது சேர்த்துச் சொன்னேனா? இல்லை. ஒரு மதிப்பெண் வினாவில் அது வராது.

ஆண்டுவிழாவுக்கு வருகிற சிறப்பு விருந்தினர் ஒருவர் விடாமல், உலகத்துக்கே பூஜ்ஜியத்தைக் கொடுத்தவர்கள் நாம் என்று மேடையில் முழங்குவார். நாங்களும் கைதட்டுவோம். கொடுத்தோம், சரி. அதை எங்கே நிறுத்த வேண்டும் என்று கணக்கு டீச்சருக்கே தெரியவில்லை.

தலைமை ஆசிரியரிடம் அரைநாள் லீவு சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேன். ஊசி பன்னிரண்டு மணி வரைதான். ஐந்தருவியில் இறங்கும்போது பத்தே முக்கால் ஆகிவிட்டது. மைனி கூடைக்குப் பின்னால் தலையில் பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்துக்கொண்டு சாரலில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் விஷயம் தெரிந்துவிட்டது போல. "நான் வரல டீச்சர்" என்றார்.

தப்பு என் மேல்தான் என்றேன். நம்பவில்லை. சமாதானத்துக்குச் சொல்கிறேன் என்று நினைத்தார். நான் தார்ப்பாயின் மேல் நாலு ரம்புட்டானை வரிசையாக வைத்தேன். இது சனி, இது ஞாயிறு, இது திங்கள், இது செவ்வாய். பழத்தை எண்ணினால் நாலு, இங்கேயிருந்து அங்கே போக எடுத்துவைக்கிற அடியை எண்ணினால் மூன்று, ஆஸ்பத்திரிக்காரர்கள் அடியை எண்ணுகிறார்கள், கடித்த நாளுக்கு அவர்கள் கணக்கில் பூஜ்ஜியம் என்று விளக்கினேன். மைனி அந்த முதல் பழத்தைக் கையில் எடுத்தார்.

"அப்ப என்னயக் கடிச்ச நாளு ஒரு நாளே இல்லையா டீச்சர்? ரத்தம் வந்தது அன்னைக்குத்தான? வலிச்சது அன்னைக்குத்தான? அதுக்குப் போயா சைபர்ங்காவ?"

சைபர் என்றால் ஒன்றுமில்லை என்று சனிக்கிழமை அவரிடம் சொன்னதே நான்தான். பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிவைத்திருப்பதும் நான்தான். வேறு வழி தெரியாமல் உள்ளதைச் சொன்னேன். "நாய் கடிச்சா வார வெறிநோய், குரங்கு கடிச்சாலும் வரும் மைனி. வந்துட்டா மருந்து கிடையாது. செத்துப் போயிருவிய. ஊசிய முழுசாப் போட்டாத்தான் வராது."

மைனி என்னை நிமிர்ந்து பார்த்தார். சுவரில் இரண்டு குரங்கு உட்கார்ந்து ஒன்றுக்கொன்று பேன் பார்த்துக்கொண்டிருந்தன. மகனுக்கு இந்த வருஷம் லீவு தீபாவளிக்குத்தான் கிடைக்கும் என்று சம்பந்தமில்லாமல் ஏதோ சொன்னார். சம்பந்தம் இருந்தது, எனக்குப் புரிந்தது. பஜ்ஜிக்கடைக்காரியிடம் கூடையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு எழுந்தார்.

ஆஸ்பத்திரியில் வரிசை வாசல் வரை நின்றது. எங்கள் முறை வந்ததும் நர்ஸ் அட்டையைப் பார்த்தார், சிவப்பு மையைப் பார்த்தார், மைனியைப் பார்த்தார். நேற்று வந்தவர்தானே என்று ஆரம்பித்தார். நான் முன்னால் போய், பின்னால் நிற்பவர்களுக்கும் கேட்கிற மாதிரிதான் பேசினேன். வகுப்பில் பேசிப் பேசிப் பழகிய குரல், தானாகவே அப்படித்தான் வரும்.

"இத எழுதுனது நான். நான் கணக்கு டீச்சர், இருவத்திரண்டு வருஷ சர்வீஸ். எண்ணத் தெரியாதது இவுகளுக்கு இல்ல, எனக்குத்தான்."

மைனி என் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தார். போதும் என்று அர்த்தம். எனக்குப் போதவில்லை. டீச்சருக்கே தப்பிப்போகிற ஒரு எண்ணை அச்சடித்து, எதிரே கட்டத்தையும் போட்டு, அதைக் காலியாகவும் விட்டு அனுப்புகிறீர்களே, இது என்ன நியாயம் என்று கேட்டேன். பத்துப் பேர் வந்தால் எத்தனை பேர் இதே மாதிரி ஒரு நாள் முன்னால் வந்து நிற்கிறார்கள் என்று கேட்டேன்.

நர்ஸ் சின்ன வயசுக்காரிதான். கண்ணுக்குக் கீழே கறுத்துப் போயிருந்தது. அந்த அறையில் ஊசி போடவும், பதிவேட்டில் எழுதவும், வரிசையைச் சமாளிக்கவும் அவர் ஒருத்திதான். ஒவ்வொருத்தருக்கும் மூன்று தேதி எழுத எனக்கு நேரம் எங்கே இருக்கிறது டீச்சர் என்றார், கோபமாக இல்லை, களைப்பாக.

"எழுத நேரமில்ல, சரி. திருப்பி அனுப்ப நேரம் இருக்கே?" என்றேன்.

நர்ஸ் ஊசியை எடுத்தார். மைனியின் சட்டைக் கையை மேலே ஏற்றி ஊசியைப் போட்டார். பிறகு பதிவேட்டில் இரண்டு மாதத்துக்கு முந்தைய பக்கத்தை எடுத்து என் பக்கமாகத் திருப்பினார். ஒவ்வொரு வரியிலும் ஒரு ஆள், ஆளுக்கு நாலு கட்டம். முதல் கட்டம் எல்லோருக்கும் நிரம்பியிருந்தது. இரண்டாவதில் இடைவெளி விழ ஆரம்பித்து, கடைசிக் கட்டத்துக்குப் போகப் போகப் பக்கமே வெளுத்துக் கிடந்தது. இவர்களெல்லாம் வேறு எங்காவது போய்ப் போட்டுக்கொண்டார்களா என்று கேட்டேன். "தெரியாது டீச்சர். வரல, அம்புட்டுத்தான் தெரியும்" என்றார். அந்தக் காலிக் கட்டங்களில் எத்தனையை என்னைப் போல ஒரு அறிவாளி விரலை மடக்கிக் காலி செய்தானோ.

அவர் என் சிவப்புத் தேதிகளை அடித்துவிட்டு, பக்கத்தில் நீல மையால் புதிதாக எழுதினார். இன்று, வருகிற சனி, கடித்த நாளிலிருந்து நாலு வாரம் கழித்து வருகிற சனி. "எங்க அம்மையும் ரெண்டு வாரத்துக்குப் பதினஞ்சு நாள்னுதான் சொல்லுவா. இங்க வந்து நின்னா எனக்கு அது மறந்துபோவுது" என்றார். எங்களுக்கு அடுத்து ஒரு பெரியவர் நின்றிருந்தார். அவருடைய அட்டையை அவர் நீட்டுவதற்கு முன்னாலேயே நர்ஸ் வாங்கி, மூன்று தேதியையும் எழுதிக் கொடுத்ததை நான் வாசலிலிருந்து திரும்பிப் பார்த்தேன். அடுத்த வாரமும் எழுதுவாரா, அவர் இல்லாத நாளில் அங்கே உட்காருகிறவர் எழுதுவாரா என்று அப்போதும் எனக்கு நம்பிக்கை இல்லை, இப்போதும் இல்லை.

மறுநாள் வகுப்பில் இரண்டு எண்ணுதலையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு நடத்தினேன். பெஞ்சில் தலையை எண்ணினோம், பிறகு மைதானத்துக்குப் போய் அடியை எண்ணினோம். ஒன்று, இரண்டு, மூன்று என்கிற அதே எண்கள்தான், ஆனால் எங்கே நின்றுகொண்டு ஆரம்பிக்கிறோம் என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும் என்றேன். முன்பு பூஜ்ஜியம் என்று சொல்லி என்னிடம் அசிங்கப்பட்டாளே ஒருத்தி, அவள் கையைக் கட்டிக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். ஏன் கேட்கிறேன் என்று அவளுக்குப் பிடிபடவில்லை, பக்கத்தில் இருந்தவளைப் பார்த்துச் சிரித்தாள்.

அந்தச் சனிக்கிழமை மைனி தனியாகவே போய்ப் போட்டுக்கொண்டு வந்தார். கடைசி ஊசிக்கு நானும் வருகிறேன் என்று கூடப் போனேன். வரிசை அன்றைக்கும் நீளம்தான். அதே நர்ஸ். ஊசியைப் போட்டுவிட்டு, கடைசிக் கட்டத்தில் கையெழுத்தும் போட்டு, எல்லாம் முடிந்தது, இனி வரவேண்டாம் என்று அட்டையைக் கொடுத்தார். மைனி வாங்கவில்லை. முதல் வரியில் விரலை வைத்தார்.

"இதுல ஒண்ணும் எழுதாமக் கெடக்கே."

நர்ஸ் பார்த்தார். அது முடிந்துபோன நாள், ஊசி போட்டாகிவிட்டது, பதிவேட்டில் இருக்கிறது, அட்டையில் எழுதவேண்டிய அவசியமில்லை என்றார். பின்னால் நின்றவர்கள் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். நானே, பரவாயில்லை மைனி, வாங்க போவோம் என்று சொல்லிவிட்டேன். மைனி நகரவில்லை.

"எழுதுங்கம்மா. அன்னைக்குத்தான் என்னயக் கடிச்சுது."

நர்ஸ் பதிவேட்டில் பின்னால் புரட்டி அந்தச் சனிக்கிழமையைத் தேடி எடுத்தார். பூஜ்ஜியத்துக்கு எதிரே இருந்த கட்டத்தில் தேதியை எழுதினார். மைனி அட்டையை வாங்கி, எழுத்து காயும்வரை ஊதிவிட்டு, மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, கடைக்கு நேரமாகிறது என்று எனக்கு முன்னால் நடந்தார்.